படம் ஓடுகிறது, ஒலி எங்கே?

தாத்தாவின் மணிவிழாவைப் பதிவு செய்த பழைய ஒளிநாடாவை, ஒரு குடும்பம் டிவிடி பதிவுக் கருவியின் உதவியால் வட்டுக்கு மாற்றி வைத்திருந்தது. புதிய தொலைக்காட்சி வந்த அன்று எல்லாரும் கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். திரையில் தாத்தா பேசினார், உதடுகள் அசைந்தன, குரல் மட்டும் வரவில்லை. “வட்டு கெட்டுவிட்டது,” என்றார் ஒருவர். “கருவி பழசு, தூக்கிப் போட வேண்டியதுதான்,” என்றார் இன்னொருவர். உண்மையில் இரண்டிலும் பழுது இல்லாமல் இருக்கலாம்.

மின்னிலக்க ஒலி என்பது எண்களாக மாற்றப்பட்ட ஒலி. ஒலியலையை வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் அப்படியே எண்ணாகக் குறிப்பது ‘பிசிஎம்’ முறை. எச்டிஎம்ஐ துளை உள்ள தொலைக்காட்சிகள் பொதுவாக இதைப் புரிந்துகொள்ளும். ஆனால், இரண்டு ஒலித்தடங்களுக்கே வினாடிக்கு 1.5 மில்லியன் பிட்டுகளுக்கு மேல் தேவைப்படும். வட்டில் அவ்வளவு இடம் ஏது? அதனால் பதிவுக் கருவிகள் பெரும்பாலும் ‘டால்பி டிஜிட்டல்’ முறையில் ஒலியைச் சுருக்கிப் பதிகின்றன. டிவிடியில் இது வினாடிக்கு 448,000 பிட்டுகளைத் தாண்டுவதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கருவியின் ஒலி அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்தால், சுருக்கிய ஒலியை அது பொட்டலம் பிரிக்காமலே அனுப்பிவிடும். பிரிக்கத் தெரியாத தொலைக்காட்சி மௌனமாக இருக்கும். அதையே ‘பிசிஎம்’ என்று மாற்றினால், கருவி தானே பிரித்து, எண்களை வரிசையாக அனுப்பும். ரிமோட்டில் இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. கருவியின் பின்புறத்தில் ஒளியிழை வடத்துக்கான சிறிய சதுரத் துளை இருக்கும். தொலைக்காட்சியிலும் அதே வடிவத் துளையைப் பார்த்ததும், இரண்டையும் இணைத்துவிடத் தோன்றும். வடம் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ஆனால், தொலைக்காட்சியில் உள்ள அந்தத் துளை பெரும்பாலும் ஒலியை வெளியே அனுப்புவதற்கானது. இரு வாய்கள் பேசினால் கேட்பது யார்? இதைச் சோதிப்பது எளிது: வடத்தின் ஒரு முனையைத் துளையில் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு அருகில் பிடித்தால், ஒலியை அனுப்பும் துளையிலிருந்து சிவப்பு ஒளி வரும். பதிவுக் கருவிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஓர் எச்டிஎம்ஐ வடம் இருந்தால் போதும். படமும் ஒலியும் அதிலேயே சேர்ந்து போகும்.

‘பிட்ஸ்ட்ரீம்’ வீணான அமைப்பு அன்று. ஆறு ஒலிபெருக்கிகள் கொண்ட ஒலியமைப்பை ஒளியிழை வடத்தால் இணைப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. ஏனெனில், அந்த வடம் பிசிஎம் முறையில் இரண்டு தடங்களை மட்டுமே சுமக்கும். மணிவிழா வட்டில் இருப்பதோ, மிஞ்சிப் போனால், இரண்டு தடங்கள்தாம்.