வேலையில் சேர பொய் சோதனையா?
மைசூரில் உத்தியோகம் தேடுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

மைசூர் என்றால் அரண்மனை, தசரா, சந்தனம், பட்டு என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். ஆனால் இந்த ஊரில் வேறொரு தொழிலும் நடக்கிறது. அதை "நம்பிக்கைத் தொழில்" என்றே சொல்லலாம்!

மேட்டகள்ளிப் பகுதியில் ரூபாய் நோட்டு அச்சகம் இருக்கிறது. ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான பாரதீய ரிசர்வ் பாங்க் நோட்டு முத்ரண் நிறுவனம் 1995-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1996 முதல் மைசூரில் நோட்டுகள் அச்சாகி வருகின்றன. நோட்டுக்கு வேண்டிய காகிதத்தைத் தயாரிக்க 2010-ல் தனி நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, அதன் ஆலையும் இங்கேயே வந்தது. நோட்டு அச்சிடும் மையைத் தயாரிக்கும் "வர்ணிகா" பிரிவு 2022-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஓட்டுப் போட்டவர்களின் விரலில் வைக்கும் அழியாத மையும் மைசூர்ச் சரக்குதான். 1937-ல் மன்னர் காலத்தில் தோன்றிய மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் தொழிற்சாலை, 1962 பொதுத் தேர்தலில் இருந்து இந்த மையைச் செய்து கொடுக்கிறது.

பணம், பணத்துக்கான காகிதம், ஓட்டுக்கான மை. எல்லாமே கை சுத்தமானவர்களை நம்பி நடக்க வேண்டிய வேலை. அப்படியானால் இங்கே ஆள் எடுக்கும்போது, "இவன் நேர்மையானவனா?" என்று எப்படிப் பார்க்கிறார்கள்? வெளிநாட்டில் செய்வது போல, பொய் கண்டுபிடிக்கும் கருவியின் முன் உட்கார வைப்பார்களா?

இந்தச் சந்தேகம் வேலை தேடும் இளைஞர்களுக்கு வருவது இயல்பு. விஷயத்தை வரிசையாகப் பார்ப்போம்.

கருவி என்ன செய்கிறது?

பொய் கண்டுபிடிக்கும் கருவி என்று பெயர் இருந்தாலும், பொய்யைக் கண்டுபிடிக்கும் சக்தி அந்த எந்திரத்துக்குக் கிடையாது. நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய். அது மூச்சை அளக்கும். கையில் ஒரு பட்டை. அது ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் பார்க்கும். விரல் நுனியில் இரண்டு தகடுகள். அவை வியர்வையைக் கவனிக்கும். கேள்வி கேட்கக் கேட்க இவை எப்படி மாறுகின்றன என்பது கோடுகளாகப் பதிவாகும். அவ்வளவுதான்.

கோட்டைப் பார்த்து, "இவர் பொய் சொல்கிறார்" என்று முடிவு கட்டுவது கருவி அல்ல; எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்!

பொய் சொன்னால் நெஞ்சு படபடக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பயந்தாலும் படபடக்கும். வெட்கப்பட்டாலும் வியர்க்கும். "இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?" என்ற கவலை ஒன்றே போதும், நாடி எகிறுவதற்கு.

மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை 1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரப் போலீசில் பணியாற்றிய ஜான் லார்சன் உருவாக்கினார். அது பயன்படுத்தப்பட்ட விதத்தைப் பார்த்து, பிற்காலத்தில் அவரே நம்பிக்கை இழந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் நடந்தது

வேலைக்குச் சேரும் முன் இந்தச் சோதனையை வைக்கும் வழக்கம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில்தான். அங்கே ஒரு காலத்தில் கடைச் சிப்பந்தி, வங்கிக் குமாஸ்தா வேலைக்குக்கூடச் சோதனை வைத்தார்கள். "முன்பு வேலை பார்த்த இடத்தில் எதையாவது எடுத்தீர்களா?" என்று கேட்டு, கோடு மேலே போனால் வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். என்ன தப்பு செய்தோம் என்பதே தெரியாமல் வெளியே வந்தவர்கள் ஏராளம்.

பெரிய பதவியில் இருந்தவர்களும் இதை எதிர்த்தனர். 1985 டிசம்பரில், அரசாங்க அதிகாரிகளுக்கு இந்தச் சோதனையை விரிவாக்கும் உத்தரவு வந்தபோது, வெளியுறவு மந்திரி ஜார்ஜ் ஷுல்ட்ஸ், தம்மை நம்பவில்லை என்றால் பதவியை விட்டுப் போகத் தயார் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

கடைசியில் 1988-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி தனியார் முதலாளிகள் பெரும்பாலோர் வேலைக்கு விண்ணப்பித்தவரிடமோ, வேலை பார்ப்பவரிடமோ பொய் சோதனை கேட்கக் கூடாது. மறுத்தார் என்பதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

இதில் சில விதிவிலக்குகள் உண்டு. அரசாங்க வேலைகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டி நிறுவனங்கள், காவல் பணி நிறுவனங்கள், கட்டுப்பாட்டில் உள்ள போதை மருந்துகளைத் தயாரிக்கும் அல்லது விநியோகிக்கும் கம்பெனிகள் ஆகியவை சில நிபந்தனைகளுடன் சோதனை வைக்கலாம். எனவே இன்றும் அங்கே உளவுத்துறை, மத்தியப் புலனாய்வுத் துறை, பல ஊர்களின் போலீஸ் இலாகா ஆகியவற்றில் சேர இந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும். எல்லைக் காவல் வேலைக்கு விண்ணப்பிக்கும் அனைவருக்கும் சோதனை வைக்க வேண்டும் என்று 2010-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

தப்பிய உளவாளி, சிக்கும் அப்பாவி

இவ்வளவு செய்தும் திருடன் சிக்கினானா?

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர் அமெரிக்க உளவுத்துறையின் அதிகாரி. 1985 முதல் ரகசியமாக ரஷ்யாவுக்குத் தகவல் விற்று வந்தார். 1986-லும் 1991-லும் அவருக்குப் பொய் சோதனை நடந்தது. இரண்டு முறையும் தேறிவிட்டார்! அவர் கைதானது 1994-ல்தான்.

அப்பாவிகளின் கதி என்ன? அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அமைத்த நிபுணர் குழு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் இலாகாவில் 10,000 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், அவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 1,600 நல்லவர்களும் "பொய்யர்" என்ற பட்டியலில் விழுவார்கள். அப்போதும் இரண்டு உளவாளிகள் தப்பிவிடுவார்கள்.

எட்டுத் திருடர்களுக்காக 1,600 நேர்மையானவர்களின் சோற்றில் மண்ணா? ஆட்களைப் பொதுவாகச் சலித்தெடுக்கும் வேலைக்கு இந்தக் கருவியை நம்ப முடியாது என்பதே அக்குழுவின் முடிவு.

நம் நாட்டில் என்ன நிலை?

நம் நாட்டில் இந்தக் கருவி பெரும்பாலும் குற்ற விசாரணையில்தான் பேசப்படுகிறது. அதிலும் கர்நாடகத்துக்குத் தனி இடம் உண்டு. பெங்களூர் மடிவாளாவில் உள்ள தடய அறிவியல் கூடத்தின் பெயர், முத்திரைத்தாள் மோசடி வழக்கின் மூலம் நாடெங்கும் அடிபட்டது.

இப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கடிவாளம் போட்ட தீர்ப்பும் கர்நாடகத்தில் இருந்து போன வழக்கில்தான் வந்தது. "செல்வி எதிர் கர்நாடக அரசு" என்பது அதன் பெயர். 2010-ம் ஆண்டு மே 5-ந் தேதி, தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச் தீர்ப்பு கூறியது.

மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது, மூளை அலையை அளப்பது, பொய் கண்டுபிடிக்கும் கருவி ஆகிய மூன்றையுமே ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. அப்படிச் செய்வது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தப்படாத உரிமைக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் விரோதம் என்பதே தீர்ப்பின் சாரம்.

சம்மதித்தாலும் அந்தச் சம்மதத்தை மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். வக்கீலின் உதவி கிடைக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ம் ஆண்டில் வகுத்த இந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி கோர்ட்டு சொன்னது. சம்மதத்துடன் நடந்த சோதனையின் முடிவும் தன்னளவில் சாட்சியமாகாது. 2025 ஜூன் மாதம் பீகாரில் இருந்து வந்த ஒரு வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதே நிலையை மறுபடி உறுதி செய்தது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தீர்ப்பு போலீஸ் விசாரணையைப் பற்றியது; வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது அல்ல. அமெரிக்காவைப் போல தனியார் முதலாளிகளைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆகவே கட்டணம் வாங்கிக்கொண்டு பொய் சோதனை செய்து தரும் தனியார் கூடங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன. கல்லாவில் பணம் குறைந்தாலோ, சரக்கு காணாமல் போனாலோ, "சோதனைக்கு வா" என்று ஒரு முதலாளி ஊழியரை அழைக்கக்கூடும்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உண்டு என்றால், கடைக் கணக்கருக்கு அந்த உரிமை இல்லாமல் போகுமா? பலவந்தமாக யாரும் உட்கார வைக்க முடியாது. ஆனால் மறுத்தால் வேலை போய்விடுமே என்ற பயம் இருக்கிறதே, அதுதான் உண்மையான வற்புறுத்தல். சம்மதக் கடிதத்தில் விழும் கையெழுத்து பல நேரங்களில் மனதார விழுவதில்லை.

அப்படி ஒரு நிலை வந்தால் செய்ய வேண்டியவை இவை: எதற்காகச் சோதனை, யார் செய்கிறார்கள், முடிவு யாரிடம் போகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். படிக்காமலோ, தெரியாத மொழியில் உள்ள தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். புகார் இருந்தால் குற்றச்சாட்டை மெமோவாகக் கொடுத்து, விளக்கம் கேட்டு, முறைப்படி உள்விசாரணை நடத்தும்படி கேட்கலாம். கருவியின் கோடு அந்த விசாரணைக்கு ஈடாகாது. தொழிற்சங்கம் இருந்தால் உடனே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

உண்மையான சோதனை காகிதத்தில்!

மறுபடி மைசூர் நோட்டு அச்சகத்துக்கு வருவோம். இது போன்ற நிறுவனங்கள், ரெயில்வே, வங்கி, மத்திய அரசாங்க அலுவலகங்கள் ஆகியவற்றில் ஆள் எடுக்கும் முறை வேறு. தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, டாக்டர் பரிசோதனை, பிறகு போலீஸ் மூலம் நன்னடத்தை விசாரணை. கருவிக்கு இங்கே வேலை இல்லை. அதன் இடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு படிவம்.

அதுதான் "அட்டெஸ்டேஷன் பாரம்". எப்போதாவது கைது செய்யப்பட்டது உண்டா? வழக்கு நடந்தது உண்டா? கோர்ட்டு அபராதம் விதித்ததா? இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா? பல்கலைக்கழகத் தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டதா? இப்படிக் கேள்விகள் வரிசையாக இருக்கும். பொய்யான தகவல் தந்தாலோ, மறைத்தாலோ வேலைக்குத் தகுதி இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் மேலேயே அச்சிட்டிருக்கும்.

பலர் சறுக்கி விழும் இடம் இதுதான். ஊரில் ஏதோ தகராறு, பங்காளிச் சண்டை, கல்லூரி நாளில் ஒரு மறியல். வழக்குப் பதிவாகி, பிறகு விடுதலையும் ஆகியிருக்கும். "அதுதான் முடிந்துபோயிற்றே" என்று "இல்லை" என எழுதிவிடுவார்கள். போலீஸ் அறிக்கை வரும்போது குட்டு வெளிப்படும். வழக்கால் போகாத வேலை, மறைத்ததால் போய்விடும்!

இது குறித்து சுப்ரீம் கோர்ட்டு 2016 ஜூலையில் "அவதார் சிங்" வழக்கில் விரிவான நெறிமுறை வகுத்தது. படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது. அதே நேரம், சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும் அதிகாரிகள் மன்னித்துவிடலாம். படிவத்தில் கேட்காத விஷயத்தைச் சொல்லவில்லை என்பதற்காகத் தண்டிக்கவும் கூடாது.

ரெயில்வே பாதுகாப்புப் படையில் சேர்ந்த ஒரு காவலரின் வழக்கில் 2022 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவர் மீதான வழக்கு ஏற்கனவே விடுதலையில் முடிந்திருந்தது. படிவத்தில் அதைச் சொல்லவில்லை என்று வேலையில் இருந்து விலக்கினார்கள். மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக, மற்ற நிலைமைகளைப் பாராமல் எந்திரம் போல விலக்க முடியாது என்று கூறிய கோர்ட்டு, அவரை வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஆனால் அங்கே போய்ச் சேர அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை படியேற வேண்டியிருந்தது.

வெளி மாநிலத் தமிழருக்கு

பிழைக்க வந்த குடும்பங்களுக்குக் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களையெல்லாம் படிவம் கேட்கும். சேலத்தில் இரண்டு வருஷம், ஓசூரில் ஒரு வருஷம், மைசூரில் இரண்டு வீடு என்று மாறியிருப்போம். ஒரு விலாசத்தை விட்டுவிட்டாலும், அங்கே போன போலீசாருக்கு ஆள் தெரியாவிட்டாலும் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

பெயரும் தகராறு செய்யும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர். இங்கே எடுத்த அட்டையில் தகப்பனார் பெயரை விரித்து இன்னொரு பெயர். நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்க இது போதும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாச் சான்றுகளிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாடகை ஒப்பந்தங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். வழக்கு ஏதாவது இருந்து முடிந்திருந்தால், தீர்ப்பு நகல் வாங்கி வையுங்கள். படிவத்தில் எண்ணோடு எழுதுங்கள். தனியார் கம்பெனி போலீஸ் சான்று கேட்டால், கர்நாடகத்தில் "சேவா சிந்து" மூலமும், தமிழ்நாட்டில் அந்த மாநிலப் போலீசின் இணையச் சேவை மூலமும் விண்ணப்பிக்கலாம். தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கருவியின் முன் நெஞ்சு படபடத்தால் அதற்கு யாரும் பொறுப்பாக முடியாது. காகிதத்தில் எழுதுவதற்கு எழுதியவரே பொறுப்பு. அதை நிதானமாக, ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டாவது, உள்ளது உள்ளபடி நிரப்பிக் கொடுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள்!