பின்னால் சுழன்ற பந்து

ஆனி மாதத்தில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். கீழே எத்தனை கைகள்! ஆனால் எலுமிச்சையைப் பிடிப்பதுபோல மாங்கனியைப் பிடித்துவிட முடியாது. கைக்குள் வந்ததுபோல் வந்து நழுவும். தரையில் விழுந்தாலோ எந்தப் பக்கம் உருளும் என்று அதற்கே தெரியாது. உருண்டையாக இல்லாத பொருளின் குணம் அது.

இப்படி ஒரு மாங்கனிப் பந்தை வைத்துக்கொண்டுதான் ஆஸ்திரேலியர்கள் தங்கள் கால்பந்தை ஆடுகிறார்கள். 1859இல் மெல்பர்னில் விதி எழுதிய ஆட்டம். அணிக்கு 18 பேர். பந்தின் சுற்றளவு நீளவாட்டில் சுமார் 72 சென்டிமீட்டர், குறுக்கே சுமார் 55. மைதானமும் முட்டை வடிவம்தான்!

இதை ஆடிய டேரன் பென்னட் என்பவரின் கதை வேடிக்கையானது. மெல்பர்ன் அணிக்கு 1993 வரை ஆடினார். பிறகு மனைவியோடு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியிடம் போய் உதைத்துக் காட்டினார். அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம். ஆனால் அங்கேயும் பந்து நீள்வட்டம். 1995இல், 30 வயதில், அந்த அணியின் உதைப்பாளராகக் களமிறங்கினார். அமெரிக்காவில் 2005 வரை ஆடினார்.

அப்படி என்ன வித்தை காட்டினார்? அமெரிக்கர்கள் பந்தைத் திருகாணி போலச் சுழலும்படி உதைப்பார்கள். சுழலும் பம்பரம் சாயாது அல்லவா? அதுபோல அந்தப் பந்தின் மூக்கும் ஆடாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகும். விழுந்த பிறகுதான் வம்பு. மாங்கனி மாதிரி எங்கேயோ ஓடும். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால், அவர்கள் 20 கெஜம் முன்னால் வந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். உதைத்தவருக்கு நஷ்டம்.

பென்னட் ஆஸ்திரேலியப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார். பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழே விட்டு, அதன் அடிமுனையில் உதைப்பார். பந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே முன்னால் பறக்கும். தரையைத் தொடும்போது அதன் அடிப்பாகம் முன்னோக்கித் தேய்க்கும். உராய்வு எப்போதும் தேய்ப்புக்கு எதிராகத்தான் இழுக்கும். ஆகவே பந்தைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் செத்து, கோட்டுக்கு முன்பே பந்து நின்றுவிடும். சில சமயம் திரும்பியும் துள்ளும். என்னைக் கேட்டால், தூரமாக உதைப்பதைவிட நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். பென்னட்டுக்குப் பின்னால் பல ஆஸ்திரேலியர்கள் அமெரிக்கா போய் இதே வேலையில் சேர்ந்தார்கள்.

நம்மிடம் அந்தப் பந்து இல்லையே என்கிறீர்களா? பழைய சைக்கிள் டயர் போதும். காரைக்கால் கடற்கரைக்கு எடுத்துப் போங்கள். டயரை நிமிர்த்திப் பிடித்து, முன்னால் எறியும்போதே மணிக்கட்டால் உங்கள் பக்கமாகச் சுழற்றி விடுங்கள். சற்றுத் தூரம் வழுக்கிப் போய், தயங்கி நின்று, உங்களிடமே உருண்டு வரும். பெரியவர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலை நனைத்த கெட்டி மணலில்தான் இது நடக்கும். உலர்ந்த மணலில் டயர் புதைந்துவிடும்.