கம்பியைக் கவ்வும் கருவி

பண்பலை வானொலி இனிமையாகப் பாடிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் யாரோ மாவரைக்கும் இயந்திரத்தை முடுக்குகிறார்கள். உடனே வானொலி இரைகிறது. இந்த இரைச்சல் எவ்வழியாக வந்தது?

மோட்டாரின் கார்பன் தூரிகையில் எழும் தீப்பொறி, பல அதிர்வெண்களில் மின்சக்தியைக் கிளப்பிவிடுகிறது. 30 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டது பெரும்பாலும் இயந்திரத்தின் மின்கம்பியிலிருந்தே பரவுகிறது. கம்பி ஓர் ஏரியலாகிவிடுகிறது என்று சொல்லலாம். ஆகவே கம்பியில் ஓடும் குறுக்கீட்டுத் திறனை அளந்தால் போதுமல்லவா? 1969இல் சுவிட்சர்லாந்து அஞ்சல் தந்தித் துறையின் பொறியாளர் மேயர் டி ஸ்டாடெல்ஹோஃபென் வெளியிட்ட உறிஞ்சு கவ்வியின் அடிப்படை இதுதான்.

கவ்வியின் அமைப்பு எளியது. இயந்திரத்தை நோக்கிய முனையில் மின்னோட்டத்தை உணரும் சுருள். அதன் பின்னே ஃபெரைட் வளையங்கள் வரிசையாக நிற்கும். சுருள் அளக்கிறது; வளையங்கள் சக்தியை உறிஞ்சிக்கொள்கின்றன. கவ்வியை முனை மாற்றி வைத்துவிட்டால் அளவு பொய்த்துவிடும். கம்பியில் அலை ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்பதால், கவ்வியைக் கம்பியோடு நகர்த்தி உச்சத்தைத் தேட வேண்டும். 30 மெகாஹெர்ட்சில் அலைநீளம் 10 மீட்டர். அதில் பாதி 5 மீட்டர். சோதனைச் சாலையில் சுமார் 6 மீட்டர் நீளத் தடம் போட்டிருப்பது இதற்காகத்தான்.

சிஸ்பர் எனும் அனைத்துலகக் குழுவின் விதிப்படி, வீட்டுச் சாதனங்களுக்கு 30 மெகாஹெர்ட்சில் பொதுவான வரம்பு 45 டெசிபல் பிக்கோவாட். அதாவது ஒரு மைக்ரோவாட்டில் நூற்றில் மூன்று பங்கு! இத்தனை சிறிய அளவில் 6 டெசிபல் தவறினால் திறன் நான்கு மடங்கு பிசகிவிடும். நல்ல சாதனம் தள்ளப்படலாம். கெட்டது கடைக்குப் போய் அண்டை வீட்டாரின் வானொலியைக் கெடுக்கலாம்.

இனி, கவ்வி வாங்கக் கொள்முதல் தாள் எழுதுபவரின் பாடு. "கேபிள் கவ்வி, ஒன்று" என்று மட்டும் எழுதினால் எது வந்து சேருமோ, யார் கண்டார்? மின்காந்தக் கவ்வி என ஒன்றுண்டு. அது இரைச்சலைக் கம்பிக்குள் செலுத்தி, சாதனம் தாங்குகிறதா என்று பார்ப்பது. தரையில் வைக்கும் ஃபெரைட் கவ்வி மற்றொன்று. ஏரியலைக் கொண்டு அளக்கும்போது வெளியேறும் கேபிள்களை அடக்குவதே அதன் வேலை, அளவு எதுவும் தராது. தோற்றத்தில் எல்லாம் உடன்பிறப்புகள்தாம்.

ஆதலால் பயன் என்ன என்பதை முதலில் எழுதுக. பிறகு அதிர்வெண் எல்லை: வீட்டுச் சாதனங்களுக்கு 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை, கருவியின் விதிமுறையோ 1000 வரை செல்கிறது. கவ்வியின் துளை உங்கள் தடித்த கேபிளையும் ஏற்குமா என்பதை மில்லிமீட்டரில் குறிப்பிடுக. விலையைப் பார்த்து விட்டுவிடக் கூடாதது அளவுத்திருத்தச் சான்று. ஒவ்வொரு கவ்விக்கும் தனக்கென ஒரு திருத்த எண் உண்டு. அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு கவ்விகளுக்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்துவது, ஒருவர் மூக்குக்கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொள்வது போலத்தான்.