படியில் நிற்கும் சைக்கிள்... வழியை மறிக்கும் ஆபத்து!

‘‘சைக்கிள்தானே... காரா, லாரியா? ஓரமா நிறுத்திட்டுப் போகட்டுமே!’’

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் நாம் எல்லோருமே ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருப்போம். நானும் சொன்னவன்தான். 2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி வரைக்கும்!

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த ராத்திரி அது. கேளம்பாக்கத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. கரண்ட் போய், கும்மிருட்டு. பதினோரு மணி வாக்கில் எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். ‘‘தம்பி, சீக்கிரம் வாங்க... அவருக்கு நெஞ்சை அடைக்குதாம். வேர்த்துக் கொட்டுது!’’

108-க்குப் போன் போட்டோம். அந்தக் காற்றிலும் மழையிலும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால், ஸ்ட்ரெச்சர்தான் மேலே வரவில்லை! முதல் மாடித் திருப்பத்தில் மூன்று சைக்கிள்கள். செல்போன் வெளிச்சத்தில் இரண்டைத் தூக்கி அப்புறப்படுத்திவிட்டோம். மூன்றாவதை, படியின் கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவிக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்.

கடைசியில் பெரியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேராக சைக்கிளுக்கு மேலே தூக்கி இறக்கினோம். இதிலேயே பத்து நிமிஷம் போய்விட்டது. மாரடைப்பில் அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டே இருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், ‘‘கொஞ்சம் சீக்கிரம்ப்பா...’’ என்று அந்த அம்மா படியில் நின்று கெஞ்சியது இன்னும் என் காதில் கேட்கிறது.

இரண்டடிக் கணக்கு

நம் ஊர் சைக்கிளின் ஹேண்டில்பார் ஏறக்குறைய இரண்டடி அகலம். ஸ்ட்ரெச்சரும் அதே அளவு அகலம்தான். ஆனால், நீளம் ஆறடிக்கு மேல். நான்கடிப் படியில் ஒரு சைக்கிள் நின்றால் மீதி இரண்டடி. ஒரு ஆள் சும்மா நடந்து போகப் போதும். ஒருவரைத் தூக்கிக்கொண்டு போக? அதுவும் திருப்பத்தில் ஆறடி நீளத்தை வளைத்துத் திருப்ப வேண்டுமே!

வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அந்த இடத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தால் பிடியை விட்டு விலகி இறங்க வேண்டியிருக்கும். பெடலில் புடவை மாட்டினால் போச்சு! அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அது மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடும்.

புகைக்குப் பிடித்த வழி

இன்னொரு ஆபத்து தீ. ‘இரும்பு சைக்கிள் எப்படிங்க எரியும்?’ என்று கேட்பீர்கள். சாதாரண சைக்கிள் தானாகப் பற்றாது. நிஜம்தான். ஆனால், வேறு எங்கோ பற்றிய தீயிலிருந்து நீங்கள் தப்பி ஓடும்போது அது காலை வாரிவிடும்.

அடுக்குமாடியில் படிக்கட்டு என்பது ஒரு புகைபோக்கி மாதிரி. சூடான புகை மேலேதான் ஏறும். ஏற வழி? நாம் இறங்க வேண்டிய அதே படிக்கட்டு! புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தீ நெருங்குவதற்கு முன்பே பலர் மயங்கி விழுந்துவிடுகிறார்கள்.

2017 மே மாதம், சென்னை வடபழனியில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. அங்கே நிறுத்தியிருந்த டூவீலர்களும் சேர்ந்து எரிந்தன. புகை மாடிக்கு ஏறியதில், இரண்டு குழந்தைகள் உட்பட 4 பேர் இறந்துபோனார்கள். அவை பெட்ரோல் வண்டிகள்தான். ஆனாலும் பாடம் ஒன்றுதான்... படிக்கட்டின் அடிவாரம் வண்டி நிறுத்தும் இடம் அல்ல!

இப்போது பேட்டரி சைக்கிளும் வந்துவிட்டது. இதன் லித்தியம் பேட்டரி கெட்டுப்போய்ச் சூடேறினால், சட்டென்று அணைக்க முடியாத தீயும் விஷப்புகையும் கிளம்பும். 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் அப்பாவும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மாடியிலிருந்த ஹோட்டலுக்கு ஏறி 8 பேரைப் பலிகொண்டது. நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரி தீ விபத்துகளில் 18 பேர் இறந்திருக்கிறார்கள்.

சரி, எங்கேதான் வைப்பது?

புயலுக்கு அடுத்த வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் சைக்கிள்காரர் தலைகுனிந்து நின்றார். ‘‘பையன் ப்ளஸ் ஒன்ல வாங்கின கவர்மென்ட் சைக்கிள் சார். கீழ வெச்சா மழை, உப்புக் காத்து, போதாததுக்குத் திருட்டு பயம். நான் எங்கதான் வெக்கறது?’’ என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதல்லவா?

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துவிடும். வாரம் ஒருநாள் நல்ல தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, செயினுக்கும் நட்டுகளுக்கும் எண்ணெய் விட்டால் துருவைத் தள்ளிப்போடலாம். காற்றே புகாமல் பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கித் துரு இன்னும் அதிகமாகும்.

திருட்டு பயத்துக்கு அந்தக் கட்டடத்துக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குப் பின்னால் வீணாகக் கிடந்த இடத்தில் தரையோடு இரும்புக் குழாய் பதித்தார்கள். சைக்கிளின் ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து அதில் பூட்டிக்கொள்ளலாம். மேலே தகரக் கூரையும் ஒரு விளக்கும் போட்டார்கள். செலவை எல்லா வீடும் பங்கிட்டுக்கொண்டது. இடம் சுத்தமாக இல்லாதவர்கள், தங்கள் வீட்டு பால்கனிச் சுவரிலேயே உறுதியான கொக்கி அடித்துச் செங்குத்தாக மாட்டிவிடலாம்.

அடுக்குமாடிச் சட்டம், 1994-ல் வந்ததும் சரி, அதன் இடத்தில் வந்த 2022-ம் ஆண்டுச் சட்டமும் சரி, படிக்கட்டை எல்லோருக்கும் பொதுவான இடமாகத்தான் சொல்கிறது. ஆனால், சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, மாற்று இடத்தைக் காட்டிப் பேசினால் காரியம் சுலபமாக முடியும்.

மறக்காதீர்கள்!

* படித் திருப்பத்தில் எதையும் வைக்காதீர்கள். சைக்கிள் மட்டுமல்ல... செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர், பூந்தொட்டியும் சேர்த்துத்தான்.

* படிக்குக் கீழே மின்சார மீட்டர் பெட்டி இருந்தால், அதன் பக்கத்தில் எந்த வண்டியும் வேண்டவே வேண்டாம்.

* கைப்பிடிக் கம்பியோடு சைக்கிளைப் பூட்டாதீர்கள்.

* பேட்டரி சைக்கிளைப் படியிலோ, வாசற்கதவு ஓரத்திலோ, எல்லோரும் தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரியைத் தொடரவே கூடாது.

* படியில் புகை நிறைந்திருந்தால் அதில் இறங்காதீர்கள். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, ஜன்னல் பக்கம் வந்து 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு சைக்கிளையே விற்றுவிடாதீர்கள்! வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் இருபத்தைந்து நிமிஷம் சைக்கிள் மிதித்தால் ஆறு நாளில் கணக்கு சரி. இதயத்துக்கு நல்லது செய்யும் சைக்கிள், இன்னொருவர் இதயத்துக்கு எமனாக நிற்க வேண்டாம் என்பதுதான் விஷயம்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். படிக்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, கையில் ஒரு டார்ச்சோடு மேல் மாடியிலிருந்து மெதுவாக இறங்கிப் பாருங்கள். எங்கெல்லாம் உங்கள் கால் தயங்குகிறதோ, அங்கெல்லாம் நாளைக்கே வேலை இருக்கிறது!