பெயருக்கு முன் ஊரைத் தேடுங்கள்: புதுக்கோட்டையில் மூதாதையர் ஆய்வு

குடும்பப் பெயர் மாறாமல் தொடரும் நாடுகளில் அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே பல தலைமுறைகள் பின்னோக்கிச் செல்ல முடிகிறது. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும் தமிழ்நாட்டிலோ, பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் பூட்டனை எட்டுவதற்குள் வழி தவறிவிடுவார். எனவே புதுக்கோட்டை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் முதலில் உறுதிசெய்ய வேண்டியவை முன்னோரின் ஊர், நிலம், குலதெய்வம் ஆகிய மூன்றுமே ஆகும். ஒரே குலதெய்வத்துக்குப் படையலிடும் பங்காளிகளுள், அதாவது ஒரே ஆண்வழியில் வந்த குடும்பத்தாருள், மூத்தவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்வதிலிருந்து இந்த ஆய்வு தொடங்குகிறது.

அடுத்து அறிய வேண்டியது ஆட்சி வரலாறு. தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை, 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. சமஸ்தானத்துக்கு வெளியே தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதியும் அப்போது இதனுடன் சேர்ந்ததால், ஊர் எந்த ஆட்சியின்கீழ் இருந்தது என்பதைப் பொறுத்தே ஆவணம் இருக்குமிடமும் மாறுகிறது.

சமஸ்தானத்தின் ஆவணங்களுள் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படுபவை இனாம் ஆவணங்கள். வரி நீக்கியோ குறைத்தோ வழங்கப்பட்ட நிலமே இனாம் ஆகும். அது கோயிலுக்கும் அந்தணருக்கும் படைவீரருக்கும் மட்டுமன்றி, ஊருக்கு ஊழியம் செய்த தச்சர், குயவர், வெட்டியான் முதலியோருக்கும் கிடைத்தது. திவான் சேஷையா சாஸ்திரியின் காலத்தில், 1888இல், இந்த இனாம்கள் முறைப்படுத்தப்பட்டன. இனாமை அனுபவிப்பவர் அதை எவர்வழிப் பெற்றார் என்ற கேள்வி இத்தகைய முறைப்படுத்தலுக்கான விசாரணைகளில் எழுவதால், அரண்மனை வரலாற்றில் இடம்பெறாத எளிய குடும்பங்களின் வமிசாவளியும் அரசுக் காகிதத்தில் ஏற வழி பிறந்தது. நிக்கோலஸ் டர்க்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூலுக்கும் இனாம் ஆவணங்கள் முக்கிய ஆதாரமாயின.

பழைய பத்திரங்களைப் படிப்பவர் காலக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், ‘விரோதி வருஷம் ஆடி மாதம்’ என்றுள்ள பத்திரம் 1889ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம், 1949ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டாகிய பசலி அதே பத்திரத்தில் 1299 என்று குறிக்கப்பட்டிருந்தால், அதனுடன் 590ஐக் கூட்டி 1889 என்று உறுதிசெய்யலாம். இந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவர்.

சமூகங்கள் தாமே பேணும் பதிவுகளும் உண்டு. ராயவரம், குழிபிறை, பனையப்பட்டி முதலிய ஊர்களில் வாழும் நகரத்தார், தமக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சார்ந்து, மணமான தம்பதியை ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடும் மரபினர். அவர்களுடைய திருமண ஒப்பந்தமாகிய இசைகுடிமானம் இரு குடும்பங்களின் உறவுக்கும் எழுத்துச் சான்றாக நிற்கிறது.

கடல் கடந்து சென்றோரின் வழித்தோன்றல்களுக்குக் கப்பல் பதிவுகள் துணைசெய்கின்றன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 இந்தியர்களின் பதிவேட்டில் தந்தை பெயர், மாவட்டம், ஊர் ஆகியவற்றோடு உடலில் இருந்த தழும்பும் குறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த கடவுச்சீட்டுகளும் குடும்ப அட்டைகளும் இன்று அதே மதிப்புடைய சான்றுகளாகும்.

எந்த ஒரு சான்றையும் தனித்து நம்பாமல், வாய்மொழியைப் பத்திரத்தோடும் பத்திரத்தைப் பதிவேட்டோடும் ஒப்பிடுவதே இந்த ஆய்வின் நெறி. அரசுப் பதிவேடுகளைக் காக்க அலுவலகங்கள் உள்ளன. வீட்டுப் பெட்டியிலுள்ள கிரயப் பத்திரத்தையும் திருமண அழைப்பிதழையும் காக்க அந்தந்த வீட்டாரைத் தவிர வேறு எவரும் இல்லை. அவற்றைச் செல்லரிக்கும் முன் படியெடுத்து, படிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.