தும்பியைப் படத்தில் நிறுத்துவது எப்படி?

பூன் லேயிலிருந்து ரயிலில் அடுத்த நிலையம் லேக்சைட். அங்கு இறங்கி, 2019இல் திறக்கப்பட்ட லேக்சைட் கார்டனுக்கு நடந்து செல்கிறீர்கள். ஏரிக்கரையில் சிவப்புத் தும்பி ஒன்று பறக்கிறது. உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறீர்கள். படத்தில் தும்பியைக் காணோம். சிவப்பாக ஒரு தீற்றல்தான் தெரிகிறது. ஏன்?

கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் தும்பி நகர்ந்துகொண்டே இருக்கிறது. வகுப்பில் படித்த சூத்திரம்தான்: தூரம் = வேகம் × நேரம். தும்பி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறப்பதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால், அதற்குள் தும்பி 30 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அது ஏறக்குறைய அதன் உடல் நீளம்! 1/2000 நொடி என்றால் 1.5 மில்லிமீட்டர்தான். படம் தெளிவாகிவிடும்.

ஆனால் நேரம் 20 மடங்கு குறைந்தால், கேமராவுக்குள் வரும் ஒளியும் 20 மடங்கு குறையும். படம் இருண்டுவிடும். ஐஎஸ்ஓ அளவைக் கூட்டினால் வெளிச்சம் கிடைக்கும். கூடவே மணல் தூவியதுபோல் புள்ளிகளும் வரும். லென்சின் துளையைப் பெரிதாக்கினால், தும்பியின் கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். அதனால்தான் நல்ல வெயில் அடிக்கும் நேரம் இதற்கு ஏற்றது.

கருவியைவிட முக்கியம், கவனிப்பு. பல தும்பிகள் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, அமர்ந்திருந்த அதே குச்சிக்குத் திரும்பும். துரத்தாதீர்கள். அந்தக் குச்சியை முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருங்கள். தும்பி நெருங்கும்போது தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். அவற்றில் ஒன்றாவது தேறும்.

அணிலையோ பறவையையோ தீனி போட்டு அருகில் வரவழைக்கலாமே என்று தோன்றலாம். சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். கூடுகளை நெருங்குவதும் வேண்டாம். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால் குஞ்சுகள் தவித்துப்போகும்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுமா என்பது ஒருகாலத்தில் பெரிய விவாதம். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் அமெரிக்காவில் எடுத்த தொடர் படங்கள், எழும் என்று காட்டின. கண்ணுக்குப் பிடிபடாததைத் தெளிவான படம் பிடித்துத் தரும்.

இன்றே வீட்டு மின்விசிறியில் பழகிப் பாருங்கள். எந்த ஷட்டர் வேகத்தில் அதன் இறக்கைகள் அசையாமல் நிற்கின்றன? குறித்து வைத்துக்கொண்டு, ஏரிக்கரைக்குப் புறப்படுங்கள்.