மீண்டும் பெற்ற அரியணை

ஆட்சியைப் பிடிப்பது ஒரு திறன். பிடித்த ஆட்சியை நிலைநிறுத்துவது வேறொரு திறன். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை முடியை இழந்தபின் உணர்ந்தவர், இங்கிலாந்தை ஆண்ட நான்காம் எட்வர்டு.

இழப்பும் மீட்பும்

பதினைந்தாம் நூற்றாண்டில் யார்க், லங்காஸ்டர் என்னும் இரு அரச மரபினர் இங்கிலாந்தின் அரியணைக்காகப் போரிட்டனர். இப்போர்கள் பிற்காலத்தில் ‘ரோஜாப் போர்கள்’ எனப் பெயர் பெற்றன. 1461ஆம் ஆண்டு யார்க் மரபினரான எட்வர்டு, லங்காஸ்டர் மரபினரான ஆறாம் ஹென்றியை வீழ்த்தி முடிசூடினார். அவ்வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தவர் வாரிக் பிரபு. அரசரின் திருமணம், அயல்நாட்டு உறவு ஆகியவை பற்றி இருவருக்கும் பின்னர்ப் பகை மூண்டது. 1470இல் வாரிக், எட்வர்டின் தம்பி கிளாரன்ஸ் கோமகனுடன் சேர்ந்து ஹென்றியை மீண்டும் அரசராக்கினார். எட்வர்டு கடல் கடந்து, தம் தங்கையின் கணவர் ஆண்ட பர்கண்டி நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

1471 மார்ச்சுத் திங்களில் அவர் சிறு படையுடன் திரும்பினார். கிளாரன்ஸ் மனம் மாறி அண்ணனுடன் இணைந்தார். ஏப்ரல் 14இல் பார்னெட் போரில் வாரிக் மாண்டார். மே 4இல் டியூக்ஸ்பரி போரில் ஹென்றியின் ஒரே மகன் கொல்லப்பட்டார். அம்மாதமே ஹென்றியும் லண்டன் கோபுரச் சிறையில் உயிரிழந்தார். எட்வர்டின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார் என்பதே வரலாற்றறிஞர் பலரின் கருத்து.

நிலைநிறுத்திய வழிகள்

எதிரிகள் அனைவரையும் எட்வர்டு அழித்துவிடவில்லை. பணிந்து வந்தோர் பலரை மன்னித்தார். லங்காஸ்டர் மரபிற்கு நெடுங்காலம் உழைத்த ஜான் மார்ட்டன் என்னும் சமயகுருவுக்கு உயர்பதவியும் அளித்தார். நாட்டின் எல்லைப்பகுதிகளை நம்பிக்கைக்குரியோரிடம் ஒப்படைத்தார். வடபகுதி அவருடைய இளைய தம்பி ரிச்சர்டின் பொறுப்பாயிற்று. வேல்ஸ் எல்லைப்பகுதியை மேற்பார்வையிட, லட்லோ கோட்டையில் இளவரசரின் பெயரால் ஓர் அவை இயங்கியது.

அடுத்து, அவர் கருவூலத்தைக் கவனித்தார். 1475இல் பிரான்சின்மீது படையெடுத்துச் சென்று, போரிடாமலேயே உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி பிரெஞ்சு மன்னர் உடனடியாக 75,000 கிரவுன் நாணயங்களும், ஆண்டுதோறும் 50,000 கிரவுன் நாணயங்களும் தர இசைந்தார். சுங்கவரியும் கம்பளி வணிகமும் வருவாயைப் பெருக்கின. இதனால் வரி கேட்டு நாடாளுமன்றத்தை அடிக்கடி கூட்டும் தேவை குறைந்தது. எனினும் அப்படையெடுப்பிற்காக அவர் செல்வரிடம் பெற்ற பணம் ‘அன்புக்கொடை’ எனப்பட்டது. கேட்பவர் அரசராதலின், அதை மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

கிளாரன்ஸின் போக்கு மீண்டும் ஐயத்தைத் தந்தது. 1478இல் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு அவர் கொல்லப்பட்டார். உடன்பிறப்பின் உயிரும் ஆட்சியின் உறுதிக்கு விலையாயிற்று.

எஞ்சிய குறை

1483 ஏப்ரல் 9இல் எட்வர்டு மறைந்தபோது, மூத்த மகனுக்கு வயது 12. வடபகுதியில் பெரும்வலிமை பெற்றிருந்த ரிச்சர்டு, அச்சிறுவரை விலக்கித் தாமே முடிசூடினார். ஒரு பிரபுவின் மிகுவலிமையால் முன்பு முடியிழந்த எட்வர்டு, மீண்டும் ஒருவரிடமே அளவுகடந்த வலிமையைச் சேர்த்திருந்தார். தாம் வாழும்வரை அது துணையாக இருந்தது. அவருக்குப்பின் மகனுக்கு அதுவே கேடாயிற்று.

1485இல் ரிச்சர்டும் போரில் மடிய, டியூடர் மரபின் ஏழாம் ஹென்றி அரசரானார். அரசரின் நேரடிக் கண்காணிப்பில் வருவாயை வைத்திருக்கும் எட்வர்டின் முறையை அவரும் பின்பற்றினார். எட்வர்டின் ஆண்வழி அரியணையில் நிலைக்கவில்லை. அவர் வகுத்த ஆட்சிமுறை நிலைத்தது.

சொல்லும் பொருளும்

அரியணை – சிங்காதனம்
கோமகன் – உயர்குடிப் பட்டம் பெற்றவர்
கருவூலம் – அரசின் பொருள் இருப்பிடம்
அடைக்கலம் – புகலிடம்

சிந்தித்து எழுதுக

1. எட்வர்டு 1470இல் முடியிழந்ததற்குக் காரணங்கள் யாவை?
2. கருவூலம் நிறைந்ததால் அரசரின் வலிமை எவ்வாறு பெருகியது?
3. ‘அன்புக்கொடை’ என்னும் பெயர் பொருத்தமானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.